எதுக்குண்ணே இந்த கேஸ்?

“எதுக்குண்ணே இந்த கேஸ்?” என்று பிச்சைமுத்து இரண்டாவது தடவையாகக் கேட்டபோது, ஏரம்பமூர்த்தி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தார். முதல் தடவை கேட்டபோது ‘சோடா போட’ என்று சொல்லியிருந்தார். அதே பதிலை மறுபடி சொல்லக் கூச்சமாக இருந்தது. சிம்பாங் அம்பாட் சந்திப்பைத் தாண்டித் தகரக்கூரை போட்ட அந்தக் கடையின் வாசலில், ஆளுயரச் சிலிண்டர்கள் சங்கிலியால் கட்டப்பட்டு வரிசையாக நின்றன. வெல்டிங் பட்டறைகளுக்கும் தீயணைப்புக் கருவிகளுக்கும் கேஸ் கொடுக்கிற கடை. மேசையில் விரிந்து கிடந்த ஆர்டர் புத்தகத்தில் தன் பெயர், கிரீன் லேன் வீட்டு முகவரி, தொலைபேசி எண், கார் எண் எல்லாவற்றையும் சாய்வான எழுத்தில் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். இருபத்தேழு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவருக்குப் பொய் முகவரி எழுதக் கை வராது. எழுதிய பிறகுதான், எழுதாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

“சோடாக்குத்தான் தம்பி. வீட்டுக்கு ஆளுங்க வந்தா குடிக்கிறதுக்கு.”

“சோடாக்குச் சின்னச் சின்னக் கேஸ் குப்பி விக்கிறாங்களே, பாசார் பக்கத்துக் கடையிலயே கெடைக்கும். இது பத்து கிலோ சிலிண்டரு, பெரிய தோங்கு. ஊருக்கே சோடா ஊத்தலாம்லா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நாற்பது வயதிருக்கும். முழங்கைக்குக் கீழே நெருப்புப் பொறி பட்ட பழைய தழும்புகள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண்கள் ஏரம்பமூர்த்தியின் சட்டையை, கைக்கடிகாரத்தை, வாசலில் நின்ற டாட்சன் காரை ஒவ்வொன்றாகப் பார்த்தன. அந்தப் பார்வை ஏரம்பமூர்த்திக்குப் புதிதல்ல. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியர்களின் விமானத் தளத்தில், சாயந்தரம் வேலை முடிந்து வெளியே போகிற கூலி ஆட்களின் பைகளை அவர் அப்படித்தான் பார்ப்பார். அதை இன்னொருவர் முகத்திலிருந்து வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். வீட்டில் பியர் காய்ச்சி வைத்திருக்கிறேன், அதை ஊற்றிக் குடிக்க கேஸ் வேண்டும் என்று. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் கஸ்தம் என்கிற சுங்க இலாகா பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு தண்டனை, சொந்தத்துக்குக் காய்ச்சினாலுமா என்றெல்லாம் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. பென்ஷன் கையில் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஆஸ்திரேலியர்கள் கூட்டம் கூட்டமாக நாடு திரும்பிக்கொண்டிருந்த எண்பத்தெட்டாம் வருஷம் அது. ஜூன் மாதத்தோடு அவருடைய வேலையும் முடிகிறது.

அவருக்கு இந்தப் பழக்கம் தளத்தில் இருந்த ஆஸ்திரேலிய சார்ஜன்ட் நோரிஸிடமிருந்து வந்தது. சனிக்கிழமை மத்தியானங்களில் நோரிஸ் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, குழாயைத் திருகினால் நுரையோடு வருகிற அந்தப் பானத்தைக் குடித்துப் பழகினார். ஊருக்குப் புறப்படும்போது நோரிஸ் தன்னுடைய இரண்டு எவர்சில்வர் பீப்பாய்கள், ரப்பர் குழாய்கள், இரண்டு முள் வைத்த ரெகுலேட்டர், ஒரு டஜன் மால்ட் டின்கள் எல்லாவற்றையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். சிலிண்டர் மட்டும் வாடகைக்கு எடுத்தது, அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கூடவே ஒரு தாளில் விவரம் எழுதி வைத்திருந்தார். கேஸை நம்பாதே, அதைக் கொடுக்கிறவனையும் நம்பாதே, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார் என்பது கடைசி வரி.

ஏரம்பமூர்த்தி இரண்டு வாரம் யோசித்தார். சைக்கிள் பம்பால் காற்று அடித்துப் பியரை வெளியே தள்ளலாம், ஆனால் காற்றுப் பட்டால் இரண்டே நாளில் புளித்துவிடும். பாயான் பாருவில் இருந்த பழைய சிநேகிதர் ஒருவர், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்கு நைட்ரஜன் ஏற்றுகிற ஆளிடம் சொல்லி ஒரு சிலிண்டர் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். நைட்ரஜன் பியரில் கரையாது. தள்ளிவிடும், ஆனால் நுரைக்காது, பழைய கஞ்சி மாதிரி இருக்கும். சோடாக் குப்பிகள் ஒரு பீப்பாய்க்கு முப்பது நாற்பது வேண்டும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் கார்பன் டை ஆக்ஸைட் சிலிண்டரில்தான் வந்து நின்றது. அதற்குள் முதல் தடவை காய்ச்சியது பொங்கி அடங்கி, பீப்பாய்க்குள் போய், ஸ்டோர் ரூமில் கேஸுக்குக் காத்திருந்தது. கடைசி வேலை நாளுக்கு அடுத்த ஞாயிறு, கூட வேலை பார்த்த ஐந்து பேரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தன் கையால் ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் மனசில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

“எங்க வெக்கப் போறீங்க?” என்று கேட்டான் பிச்சைமுத்து.

“ஸ்டோர் ரூம்ல.”

“ஜன்னல் இருக்கா?”

“அது எதுக்கு?”

“இருக்கா இல்லியான்னுதான் கேட்டேன். வீட்டுல வேற யாரு இருக்கா?”

ஏரம்பமூர்த்தி கார் சாவியைக் கையில் எடுத்தார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற கடைக்காரனை அவர் பார்த்ததில்லை.

“நீங்க சிலோன்காரவங்கதானே அண்ணே? என்னதான் மாத்திப் பேசினாலும் தெரியுது. எங்க எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணியும் சிலோன்காரருதான்” என்றான். அந்தக் கிராணி நல்லவரா கெட்டவரா என்று சொல்லவில்லை. ஆர்டர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தான். “நான் ஒரு வாட்டி வீட்டுக்கு வந்து எடத்தப் பாக்குறேன். சரியா இருந்தா நானே தோங்க எறக்கி மாட்டித் தர்றேன்.”

“ஒரு தோங்கு விக்கிறதுக்கு வீடு பாக்க வரணுமா? என்ன தம்பி, பொண்ணா பாக்க வர்றீங்க?”

பிச்சைமுத்து சிரிக்கவில்லை. “பாக்காமத் தரமாட்டேண்ணே” என்றான்.

பாலத்தில் திரும்பி வரும்போது ஏரம்பமூர்த்திக்குக் காது சூடாக இருந்தது. இரண்டு பக்கமும் கடல் வெயிலில் தகரம்போல மின்னியது. கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவனைக் காட்டிக்கொடுத்தால் கஸ்தமில் ஏதோ சன்மானம் உண்டு என்று தளத்தில் பேசிக்கொள்வார்கள். இவன் அந்த மாதிரி ஆள்தான். இல்லாவிட்டால் எதற்கு இத்தனை கேள்வி? பொருள் விற்கிறவன் விற்க வேண்டும். அதைவிட, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டானே, திருடனாகக்கூட இருக்கலாம். முகவரியைச் சாய்வெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தன் முட்டாள்தனத்தை நினைத்து, ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் மனைவி கனகேஸ்வரி கேட்டதும் அதையேதான். மகளை ஈப்போவில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இடுப்பு வலிக்கு டாக்டர் கட்டிலை விலக்கச் சொன்னதிலிருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறைத் தரையில் பாயைப் போட்டு ஒரு மணி நேரம் படுப்பாள். அந்த அறையைத் தாண்டினால்தான் ஸ்டோர் ரூம்.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் ஏன் எங்கட வீட்டைப் பாக்க வரவேணும்? நீங்கள் என்னத்தைச் சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?”

“ஒண்டும் சொல்லேல்லை. சோடா எண்டு சொன்னன்.”

“சோடாவோ! உங்கட முகத்தைப் பாத்தா ஆரும் நம்புவினமோ?” வாழைக்காயைச் சீவிக்கொண்டே நிமிர்ந்தாள். “இருபத்தேழு வருசம் ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டு வரேல்லை. இப்ப போற நேரத்திலை வெள்ளைக்காரன் ஒரு லொறிச் சாமான் தந்திட்டுப் போறான். ஏன் தந்தவன்? இதெல்லாம் அவன்ரை சாமான்தானோ?”

“அவன்ரை சொந்தக் காசிலை வாங்கினது.”

“பில்லைப் பாத்தனீங்களோ?”

அவர் பார்க்கவில்லை. மற்றவர்களிடம் அவர் முதலில் கேட்பதே அதைத்தான். அன்று இரவு அவள் கேட்டது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நோரிஸ் எதற்குத் தனக்குக் கொடுத்தார்? நட்பா, இல்லை தூக்கிப் போட இடமில்லாமலா?

அடுத்த வியாழக்கிழமை, டவுனில் ஒரு பின் சந்தில் ஐஸ்பெட்டி பழுது பார்க்கிற ஒருவனிடம் சிலிண்டர் கிடைத்தது. அவன் எதையும் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. ‘சிஓ டூவா? இருக்கு’ என்று உள்ளே போய் உருட்டிக்கொண்டு வந்தான். கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று புதிதாக இருந்தது. விரல் வைத்தால் ஒட்டும்போல வாசம் வந்தது. கேள்வி கேட்காத ஆள் என்று வந்த நிம்மதி, காரில் ஏற்றும்போதே கரையத் தொடங்கியது. பிச்சைமுத்து கேள்வி கேட்டான் என்று சந்தேகப்பட்ட மனசு, இவன் ஏன் கேட்கவில்லை என்று சந்தேகப்பட்டது. பழைய சிலிண்டருக்கு எதற்குப் புதுப் பெயிண்ட்? உள்ளே வேறு ஏதாவது கேஸ் இருந்தால்?

ஸ்டோர் கிளார்க் சும்மா விடமாட்டார். குவீன் ஸ்ட்ரீட் வெற்றிலைக் கடையில் ஒரு டப்பி சுண்ணாம்பு வாங்கிவந்து, தண்ணீரில் கரைத்து, ஒரு ராத்திரி தெளியவைத்து, மேலே நின்ற தெளிந்த நீரை மட்டும் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் செய்த சோதனை. ரெகுலேட்டரைப் பூட்டி, குழாயின் நுனியைக் குவளைக்குள் விட்டு, வால்வைத் தலைமயிர் அளவு திறந்தார். குமிழிகள் வந்தன. தெளிந்த நீர் கலங்கி, பால்போல வெளுத்தது. கனகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாத்தீரோ? சுத்தமான கேஸ். வேறை எதெண்டாலும் இப்பிடி வெளுக்காது.”

அவள் குவளையைப் பார்த்தாள். பிறகு ரெகுலேட்டரைப் பார்த்தாள். “அது ஏன் வேர்க்குது?” என்றாள்.

பித்தளை உடம்பு முழுவதும் வெண்பனி படிந்து, முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கேஸ் விரிந்தால் குளிரும், அது இயற்கை என்றார். சிலிண்டரின் தோளிலிருந்து கீழே பெருவிரலை ஓட்டியபோது, பெயிண்டுக்கு அடியில் மேலிருந்து கீழாக மெல்லிய மேடு ஒன்று தட்டுப்பட்டது. முன்பு ஏதோ ஒரு கோடு போட்டிருந்த தடம். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு நீர் வெளுத்துவிட்டது என்பதால், தெரிந்துகொள்ளவும் அவர் மெனக்கெடவில்லை. எல்லா மூட்டுக்கும் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை. பீப்பாயோடு இணைத்து, முள் பன்னிரண்டு பவுண்டில் நிற்கும்படி வைத்து, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினார். கேஸ் கரைய நான்கைந்து நாள் ஆகும். மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வானம் இருட்டி மழை பிடித்துக்கொண்டது. ஃபெரியில் ஒரு மணி நேரம் காத்திருந்து, கரை இறங்கி, அவர் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் நீல நிற லோரி ஒன்று நின்றது. அதன் பக்கவாட்டில் பிச்சைமுத்துவின் கடைப் பெயர் எழுதியிருந்தது. கேட் திறந்து கிடந்தது. வராந்தா கிரில்லின் பூட்டு நெம்பி உடைக்கப்பட்டிருந்தது. ஈரச் சிமெண்டுத் தரையில் கனகேஸ்வரி ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. பிச்சைமுத்து அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தான் ஓடியது ஏரம்பமூர்த்திக்கு நினைவில்லை. பிச்சைமுத்துவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது நினைவிருந்தது. “என்னடா செய்தாய்? என்னடா செய்தாய் என்ரை மனுசியை?” என்று கத்தியது நினைவிருந்தது. பிச்சைமுத்து திருப்பி அடிக்கவில்லை. இருமிக்கொண்டே, ஒரு கையை வீட்டு வாசற்படிப் பக்கம் நீட்டினான்.

“உள்ள போகாதீங்க! கேஸுண்ணே, கேஸு! உள்ள போகாதீங்க!”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த வீட்டுச் சலேஹா, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாயிற்று, அந்த ஆள்தான் தூக்கிக்கொண்டு வந்தான், அவனை விடு என்று மலாயில் கூவினாள். அவர் விடவில்லை. மூன்று பேர் சொல்வதும் ஒன்றாக இருந்தால்கூட அதை உடனே நம்பாத பழக்கம் அவருடையது. கீழே கனகேஸ்வரி வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, “விடுங்கோ… அவரை விடுங்கோ” என்றாள். அப்போதுதான் கை தளர்ந்தது. காலர் கிழிந்து, பிச்சைமுத்துவின் சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆர்டர் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அதில் இருந்தது அவருடைய சாய்வெழுத்து.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். அரை மணி நேரம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது என்றார் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர். எதற்காக வீட்டில் அவ்வளவு பெரிய சிலிண்டர் என்று அவரும் கேட்டார். ஏரம்பமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு, “சோடாக்கு” என்றார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த கனகேஸ்வரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பிச்சைமுத்து வந்தான். கிழிந்த காலரைத் தைத்திருந்தான். அன்றே வீட்டுப் பின்புறச் சந்துக்கு உருட்டிவிட்டிருந்த சிலிண்டரின் அருகே குந்தி, பையிலிருந்து ஒரு காசை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டினான். கறுப்பு உரிந்து, அடியில் வெள்ளை தெரிந்தது. விரல் அகலத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு.

“இது நெருப்பு அணைக்கிற ஆளுங்களுக்குக் குடுக்குற தோங்கு. உள்ள அடி வரைக்கும் குழா எறங்கியிருக்கும். தொறந்தா கேஸு ஆவியா வராது, தண்ணி மாதிரித்தான் பாயும். ஒங்க ரெகுலேட்டரு அதுக்குத் தாங்காது. ஐஸா ஒறைஞ்சு உள்ள இருக்குற ரப்பரு வெடிச்சிருச்சு. அதுக்குத்தான் வெள்ளக் கோடு போட்டு வெப்போம். வித்தவன் அடிச்சு மறைச்சிட்டான்.” எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். “இந்தக் கேஸு கனம். மேல போகாது, தரையோட தரையா ஓடும். அக்கா தரையில படுத்திருந்தாங்க. மழைன்னு ஜன்னல எல்லாம் சாத்தியிருந்தாங்க.”

ஏரம்பமூர்த்தி அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்கு அது அன்றே தெரிந்திருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. “அன்னைக்கு நீங்க எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார்.

“பாக்கத்தான்.”

“என்ன பாக்க?”

பிச்சைமுத்து சந்தின் கோடிவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினான். “எங்க அண்ணன் சம்சு, அந்தக் கள்ளச் சாராயம் குடிச்சுத்தான் செத்தாரு. ஏழு வருஷமாச்சு. எஸ்டேட்டுல ஒரே வாரத்துல நாலு பேரு. மொதல்ல கண்ணு போச்சு, அப்பறம் ஆளே போயிட்டாரு. காய்ச்சுனவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல. நானும் சொல்லல.” காசைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “நீங்க வந்து சோடாங்குறீங்க. பொய்யின்னு மூஞ்சியிலயே தெரியுது. படிச்சவரு, காடி ஓட்டுறீங்க. பெருசா எங்கயோ காய்ச்சி எஸ்டேட்டுக்கு ஏத்துறீங்கன்னு நெனச்சேன். பாத்துட்டு நேரா கஸ்தம் ஆபீசுக்குப் போலாம்னு வந்தேன். கேட்டுல நின்னு கூப்புட்டா ஆளக் காணோம். கிரில்லுகிட்ட போனா உள்ள உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு, பூட்ட ஒடைச்சுட்டேன்.”

ஏரம்பமூர்த்தி கீழே உரிந்து கிடந்த பெயிண்டைக் காலால் ஒதுக்கினார். நன்றி சொல்ல வேண்டும். காட்டிக்கொடுக்க வந்தவனிடம், அவன் காட்டிக்கொடுக்க வந்ததற்காக எப்படி நன்றி சொல்வது?

“இப்பப் போவீங்களா?” என்றார்.

“என்னான்னு காட்டுங்க மொதல்ல.”

ஸ்டோர் ரூமின் கதவு இப்போது கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிச்சைமுத்து பீப்பாயைச் சுற்றி வந்தான். மூடியைத் தட்டினான். மால்ட் டின்னை எடுத்து, படிக்கத் தெரியாத எழுத்தைப் படிக்கிறவன்போல நெடுநேரம் பார்த்தான். காய்ச்சி வடிக்கிற செப்புப் பானையைத் தேடுகிறான் என்று ஏரம்பமூர்த்திக்குப் புரிந்தது. சமையலறை, குளியலறை, பின்கட்டு எல்லாவற்றையும் திறந்து காட்டினார். அவன் எல்லாவற்றையும் பார்த்தான். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். யாரும் அவரை அப்படிச் சோதனை போட்டதில்லை. அவன் பின்னாலேயே நடந்தார்.

“எறிஞ்சிருவீங்களா இத?”

ஏரம்பமூர்த்தி பீப்பாயைப் பார்த்தார். எறிந்துவிடுகிறேன் என்று சொல்வதுதான் சுலபம். “தெரியல தம்பி” என்றார். பியரைப் பற்றி அந்த மனிதனிடம் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான். “நான் தரலேன்னா இன்னொரு பேமானிகிட்டப் போயி நிப்பீங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை லோரியில் வேறு சிலிண்டர் கொண்டுவந்தான். பாதி உயரம்தான், பழைய பெயிண்ட், கோடு இல்லை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொல்லிப் பின்கட்டில், வெளிச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினான். புது ரெகுலேட்டரை மாட்டி, நுனிவரை சோப்பு நுரையைத் தானே தடவி, ஒவ்வொரு மூட்டிலும் காதை வைத்துக் கேட்டான். ஏரம்பமூர்த்தியும் பின்னாலேயே போய் அதே மூட்டுகளில் காதை வைத்துக் கேட்டார். அது பிச்சைமுத்துவுக்குத் தெரிந்தது. நாலு நாள் காத்திருக்க அவன் தயாராக இல்லை. இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றான். ஆகவே ஐஸ் கட்டிகள் போட்ட பேசினில் பீப்பாயைக் குளிரவைத்து, கேஸை ஏற்றி, இரண்டு பேரும் மாறி மாறி மடியில் போட்டு உருட்டினார்கள். உள்ளே கேஸ் கரைகிற மெல்லிய இரைச்சல் உருட்ட உருட்டக் குறைந்துகொண்டு வந்தது. வெயில் ஏறியது. இரண்டு சட்டைகளும் நனைந்தன.

கனகேஸ்வரி சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் தரையில் படுக்கவில்லை. இடுப்பு வலியோடு கட்டிலில்தான் படுத்தாள். ராத்திரி எழுந்து ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். கணவரிடம் அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் மருந்து, சோறு, தண்ணீர்.

ஏரம்பமூர்த்தி குழாயைத் திருகினார். முதலில் வெறும் நுரை துப்பியது. பிறகு கறுத்த தேன் நிறத்தில் மெல்லிய தாரை இறங்கியது. இரண்டு கண்ணாடித் தம்ளர்களை நிறைத்தார். ஒன்றைப் பிச்சைமுத்துவிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ” என்றாள் கனகேஸ்வரி. அவள் குரல் இன்னும் கரகரத்திருந்தது. “முதல்லை நீங்கள் குடியுங்கோ.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். ரொட்டி வாசம், கொஞ்சம் கசப்பு, அடியில் லேசான புளிப்பு. நோரிஸ் வராந்தாவில் குடித்ததைப்போல இல்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே பிடிபடவில்லை. இன்னொரு வாய் குடித்தார். இரண்டு பேரும் அவருடைய தம்ளரைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் தெரிகிறது என்று காட்ட, அவர் வேண்டுமென்றே கண்ணை அகலத் திறந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார், கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார், சலேஹா வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த காகத்தைப் பார்த்தார்.

“எப்படிண்ணே?” என்றான் பிச்சைமுத்து.

“குடிக்கலாம்.”

பிச்சைமுத்து தம்ளரை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். முகர்ந்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அடியிலிருந்து பொடிப் பொடிக் குமிழிகள் நூல் பிடித்ததுபோல மேலே ஏறிக்கொண்டிருந்தன. உதட்டுக்குக் கொண்டுபோவதுபோல இருந்தது; கை பாதியில் நின்றது. கனகேஸ்வரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தாள். அவன் தம்ளரின் மேல் நின்ற நுரை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, ஓரத்தில் வெள்ளை வளையமாக ஒட்டிக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.